பெருசு கால் வைக்கும் இடம்

குழியை மூடுவதுதான் என் அக்காவின் கணவருக்கு வேலை. இப்படிச் சொன்னால், சுடுகாட்டிலா என்று கேட்பார்கள். இல்லை, கிரிக்கெட் மைதானத்தில். வேகமாகப் பந்து வீசுகிறவன் ஓடி வந்து முன்காலை ஓங்கி ஊன்றுகிற இடத்தில் மண் பெயர்ந்து குழி விழும். அன்றைய ஆட்டம் முடிந்ததும் மாமா அங்கே மண்டி போட்டு உட்கார்ந்து, உதிர்ந்ததைச் சுரண்டி எடுத்து, ஈரக் களிமண்ணை வைத்து அமுக்கி, திமிசுக் கட்டையால் இடித்து இடித்து இறுக்கி, மறுநாள் காலையில் அங்கே குழி என்று ஒன்று இருந்ததே இல்லை என்பதுபோல் ஆக்கி வைப்பார். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தவன். வாளி தூக்குவது, தார்ப்பாய் இழுப்பது, எல்லைக் கயிறு போடுவது எல்லாம் நான். அவர் மூடிய குழிகளுக்குக் கணக்கு வழக்கில்லை. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன்.

மாமா யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசமாட்டார். காலைப் பார்த்துத்தான் பேசுவார். தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த அன்று, பையன் எப்படி என்று அக்கா ஆசையாகக் கேட்டாள். இடது குதிகாலைத் தேய்த்து நடக்கிறான், கொஞ்சம் சோம்பேறியாக இருப்பான், மற்றபடி குறையில்லை என்றார் மாமா. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாணமாகி ஒரு வருடத்தில், அப்பா சொன்னது சரிதான் என்று மகளே போனில் சொல்லிச் சிரித்தாள்.

ஆட்டம் நடக்கும்போதும் இதே கதைதான். பந்து எங்கே போனது, யார் பிடித்தார்கள், ஸ்கோர் என்ன என்பதையெல்லாம் என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஓட்டுப் போட்ட எங்கள் சாமான் அறைக்கு வெளியே, புல்வெட்டும் இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டு, பந்து வீசுகிறவனின் கால் இறங்குகிற இடத்தை மட்டும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். உலகக் கோப்பையே எங்கள் மைதானத்தில் நடந்தாலும் அவருக்கு அது ஒரு முழம் மண்ணில் நடக்கிற விஷயம்தான்.

அந்த ஒரு முழத்தில் அதிகம் கால் வைத்தவர் பெருசு.

பெருசு என்றால் வயதானவர் என்று நினைக்க வேண்டாம். கிரிக்கெட்டுக்குத்தான் அவர் பெருசு. அவரோடு ஆடத் தொடங்கியவர்கள் எல்லாம் தொந்தி வளர்த்துக்கொண்டு டிவியில் உட்கார்ந்து கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் கண்ணோரச் சுருக்கங்களோடு, தன் வயதில் பாதிகூட ஆகாத மட்டையாளர்களை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் பந்தை வாங்கியதும் மலிவுக் கேலரி தகரத்தைத் தட்டத் தொடங்கும். அவர் ஓடத் தொடங்கியதும் பெ...ரு...சு என்று மூன்று எழுத்தையும் இழுத்து, கால் ஊன்றுகிற நொடியில் முடிப்பார்கள். கேலி செய்யத்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். வருடம் ஆக ஆக அதில் கேலி கரைந்து பாசம் மட்டும் நின்றுவிட்டது.

எனக்குக் கிரிக்கெட் பிடிக்கும். கிரிக்கெட் பார்க்க வருகிறவர்களைத்தான் பிடிக்காது. டெஸ்ட் போட்டி என்றால் மருந்துக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். இருமுகிறவன் இருமிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான். சட்டை தைக்கிறவர் ஒருவர், பெருசு விக்கெட் எடுத்தால் அழுவார், எடுக்காவிட்டாலும் அழுவார். இவர்களுக்கு எல்லாம் சொந்த வீட்டில் ஒருவரையாவது இப்படிப் பிடித்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

மாமாவுக்கும் பெருசுக்கும் பழக்கம் எப்படி ஏற்பட்டது என்றால், பெருசு சிறுசாக இருந்த காலத்தில், வலைப் பயிற்சியின்போது கால் வழுக்கி மல்லாந்து விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் போய் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தப்பு உங்கள் மேல் இல்லை, என் மண் மேல்தான் என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து சரி செய்து கொடுத்தார். அதிலிருந்து ஒரு வழக்கம் வந்துவிட்டது. எங்கள் மைதானத்தில் ஆடுகிற ஒவ்வொரு நாள் காலையிலும் பெருசு நேராக மாமாவிடம் வருவார்.

"வைக்கலாமாண்ணே?"

மாமா அந்த இடத்தைக் குதிகாலால் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார்.

"வைங்க தம்பி."

அவ்வளவுதான் பேச்சு. வெளியே ஆயிரம் பேருக்குப் பெருசாக இருந்தவர் மாமாவுக்குத் தம்பி. அந்த இரண்டு சொல்லுக்காக மாமா காய்ச்சலோடு வேலைக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெருசு சக ஆட்டக்காரர்களிடம், அண்ணன் வைக்கலாம் என்று சொல்லிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஓடி வருவேன் என்று சொன்னாராம். அதை யாரோ வந்து மாமாவிடம் சொன்னார்கள். மாமா அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

மண் விவகாரம் இதற்கெல்லாம் நடுவில் தொடங்கியது. ஒரு போட்டியில் பெருசு எதிரணியைத் தனி ஆளாகச் சுருட்டி வீசினார். அன்று மாலை மாமா குழியிலிருந்து சுரண்டிப் போட்ட கட்டிகளில் ஒன்றை மருந்துக் கடைக்காரர் கெஞ்சி வாங்கிக்கொண்டு போனார். காலி மாத்திரைப் புட்டியில் போட்டு, கடையில் வாடிக்கையாளர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார். பெருசு கால் வைத்த மண் என்றார். அவ்வளவுதான், தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்த போட்டியிலிருந்து வேலிக்கு வெளியே ஆட்கள் காலிப் புட்டிகளோடு நிற்கத் தொடங்கினார்கள். பரீட்சை எழுதும் பிள்ளைக்கு, ஆபரேஷனுக்குப் போகும் மாமியாருக்கு, புதிதாக வாங்கிய வண்டிக்கு என்று ஆளுக்கு ஒரு காரணம். மாமா யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ளாமல் கொடுப்பார். எப்படியும் தூக்கிப் போட வேண்டிய மண்தானே என்பார்.

அதில் அவருக்கு ஒரு நேர்மை வேறு இருந்தது. பெருசு ஸ்டம்பை உரசுகிற மாதிரி ஓடி வந்து கால் வைப்பார். மற்ற பந்துவீச்சாளர்களின் கால் படுவது ஒரு சாண் தள்ளி. மாமா பெருசின் குழி மண்ணைத் தனியாகத்தான் சுரண்டுவார். பக்கத்துக் குழி மண் ஒரு சிட்டிகைகூடக் கலக்கக் கூடாது.

பெருசு தன் கடைசி டெஸ்ட்டை எங்கள் மைதானத்தில் ஆடப்போவதாக அறிவித்த அன்றே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். மாமாவும் அக்காவும் மைதானத்துக்குப் பின்னாலேயே, ஊழியர் குடியிருப்பில் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். நானும் அவர்களோடுதான். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வந்து நலம் விசாரித்தார்கள். இனிமேல் பெருசின் மண் கிடைக்காதே என்ற கவலை அவர்களுக்கு.

எல்லோரையும் எப்படியோ சமாளித்திருப்பார். சம்பந்தியைத்தான் சமாளிக்க முடியவில்லை. மகளின் மாமனார் ஒரு பெரிய அலுவலகத்தில் மேலாளர். கல்யாணத்தன்றைக்கே, என் சம்பந்தி மைதானத்தில் இருக்கிறார் என்று சொன்னாரே தவிர, அங்கே என்ன வேலை என்று யாரிடமும் சொல்லவில்லை. பெருசின் மண் பெயர் பெற்றபிறகுதான் அவருக்கு மாமாவைப் பற்றிப் பேச வாய் வந்தது. இந்த முறை தன் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு புட்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். மகள் போனில் இதைச் சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது. முதல் தடவையாக என் மாமனார் உங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார் அப்பா, கெடுத்துவிடாதீர்கள் என்றாள். மாமா போனை வைத்துவிட்டு வெகுநேரம் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் சுலபமான வழி ஒன்று சொன்னேன். மைதானத்தில் மண்ணுக்கா பஞ்சம், ஓர் ஓரத்தில் வெட்டி எல்லாப் புட்டியையும் நிரப்பினால் ஆயிற்று, மண்ணில் பெருசு கையெழுத்தா போட்டிருக்கிறார் என்றேன். மாமா முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஊரை ஏமாத்துற பொழப்பு நமக்கு வேண்டாம்டா."

பிறகு நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். மாமா கொஞ்சம் அயோக்கியராக இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

போட்டி தொடங்கியது. முதல் மூன்று நாளும் குழியிலிருந்து தானாக உதிர்ந்த மண்ணை மைதானப் பொறுப்பாளர் வாங்கிக்கொண்டார். மேலிடத்து மனிதர்களுக்கு, அவர்களுடைய மனைவிமார்களுக்கு, விளம்பரம் கொடுத்தவர்களுக்கு என்று அத்தனையும் போய்விட்டது. சம்பந்திக்கு ஒரு பொடிகூட மிஞ்சவில்லை. நான்காம் நாள் மாலை சம்பந்தி புட்டிகள் நிறைந்த பையோடு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டார். பக்கத்தில் மகளும் நின்றாள். அவள் அப்பாவைப் பார்த்துக் கையசைக்கவில்லை. பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மதியத்திலிருந்தே வானம் கருத்து இறங்கியிருந்தது. ஓர் இலை அசையவில்லை. மாமா கொத்தனார் கரண்டியோடு குழியில் உட்கார்ந்தார். நான் வாளியோடு நின்றேன். உதிர்ந்தது ஒரு பிடிகூடத் தேறவில்லை. கரண்டி முனையால் பக்கச் சுவரைச் செதுக்கினார். பிறகு அடியைக் கிளறினார். பல மாதம் ரோலர் ஓட்டி, தண்ணீர் தெளித்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஓட்டிக் கல்லாக்கிய மண் அது. அதை அவரே இறுக்கினார், அவரே இப்போது தோண்டிக்கொண்டிருந்தார். பெருசின் கால் பட்டது மேல்மண்தானே, அடிமண்ணில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கால் அழுத்தியது அடிவரைக்கும் இறங்கியிருக்கும் என்று அவர் நியாயம் வைத்திருந்தார்.

"போதும் மாமா."

"இன்னும் ஒரு கை."

எழுந்தபோது அவருடைய கை மணிக்கட்டு வரைக்கும் குழிக்குள் போய் வந்திருந்தது. புட்டிகள் நிறைந்தன. சம்பந்தி வேலி வழியாகக் கையை நீட்டி மாமாவின் மண் கையைப் பிடித்துக் குலுக்கினார். கல்யாணத்தில்கூட அப்படிக் குலுக்கவில்லை. மகள் சிரித்தாள். மாமா திரும்பி வந்து குழியைக் களிமண்ணால் நிரப்பி இடிக்கத் தொடங்கினார். இரண்டு விரல் ஆழக் குழி என்றால் விடிவதற்குள் இறுகிவிடும். இது அப்படி இல்லை. இடித்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்தது. தார்ப்பாயை இழுத்து மூடினோம். அதை மூடினால் காற்று போகாது, மூடாவிட்டால் மழை போகும். மாமா அங்கேயே நின்றார். நான்தான் அவர் தோளைத் தொட்டு வீட்டுக்கு அழைத்து வர வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் தார்ப்பாயைச் சுருட்டியபோது அதன் அடிப்புறம் வியர்த்திருந்தது. குழி இருந்த இடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேலே வெளுத்து, வழவழவென்று, இஸ்திரி போட்ட மாதிரி. நடுவர்கள் வந்து ஷூ நுனியால் தட்டிப் பார்த்துத் திருப்தியோடு போனார்கள். அவர்கள் போனபிறகு மாமா குதிகாலை வைத்து மெதுவாக அழுத்தினார். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வெளுத்துவிட்டது.

"மேல பொருக்கு கட்டியிருக்கு. உள்ள கொழகொழன்னு கெடக்கு."

மறுபடி தோண்டிப் போட நேரமில்லை, போட்டாலும் காயாது. பொறுப்பாளரிடம் சொல்லலாம். சொன்னால், எப்படி இவ்வளவு ஆழம் ஆனது என்று முதல் கேள்வி வரும். டெஸ்ட் நடந்துகொண்டிருக்கிற ஆடுகளத்தைச் சம்பந்திக்காகத் தோண்டினேன் என்று எந்த வாயால் சொல்வது? வேலை போகும், வீடு போகும், மகள் புகுந்த வீட்டில் தலை நிமிர முடியாது. இதெல்லாம்கூட மாமாவைத் தடுத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவர் பயந்தது ஒரே ஒரு முகத்துக்கு. வாழ்க்கையில் அவரை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு ஓடி வந்தவர் ஒருவர்தான். அந்த முகம் தன்னை வேறு மாதிரி பார்ப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த முகம்தான் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. கடைசி நாள் என்பதால் பெருசு புதுச் சட்டை போட்டு, முடி வெட்டி, மாப்பிள்ளை மாதிரி இருந்தார். ஜெயிக்க இன்னும் ஆறு விக்கெட் எடுக்க வேண்டும்.

"வைக்கலாமாண்ணே?"

மாமா இந்தத் தடவை குதிகாலை வைக்கவில்லை. "இன்னைக்கு அந்தப் பக்கத்திலேருந்து போடுங்களேன் தம்பி."

"ஏன்?"

"காத்து... காத்து அந்தப் பக்கம் நல்லா இருக்கு."

பெருசு திரும்பிக் கொடிக்கம்பத்தைப் பார்த்தார். கொடி ஈரத்துணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சிரித்துவிட்டார். இத்தனை வருடமாக இந்தப் பக்கம்தான் வீசுகிறேன், கடைசி நாளில் வீடு மாறச் சொல்கிறீர்களே என்றார். பிறகு மாமாவின் தோளில் கையைப் போட்டார். அவருக்கு என்ன தோன்றியதோ, மாமா கலங்கியிருப்பது தன் பிரிவை நினைத்துத்தான் என்று நினைத்திருக்க வேண்டும். மறுபடி அதே கேள்வியை இன்னும் மெதுவாகக் கேட்டார். மாமா அவருடைய இடது காலைப் பார்த்துக்கொண்டே, வைங்க தம்பி என்றார்.

காலை முழுக்கப் பொருக்கு தாங்கியது. கேலரி தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. பெ...ரு...சு என்று கத்தி முடிக்கும் ஒவ்வொரு தடவையும், கால் இறங்கும்போது, மாமாவின் தோள் தூக்கிப் போட்டது. இரண்டு விக்கெட் விழுந்தது. சட்டை தைக்கிறவர் வழக்கம்போல் அழுதார். நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. முதலில் பெருசின் காலடியிலிருந்து வெள்ளைப் புழுதி எழுந்தது. உச்சிப் பொழுது நெருங்கும்போது புழுதி நின்றுவிட்டது. அதற்குப் பதில் கருப்பாகச் சிறு சிறு கட்டிகள் தெறித்தன.

உணவு இடைவேளையில் மாமா ஓடிப்போய்க் காய்ந்த மண்ணைத் தூவி இடித்தார். அது மேலே போட்ட பவுடர், அவ்வளவுதான். பொறுப்பாளர் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி பக்கத்திலேயே வந்து நின்று, எல்லாம் சரிதானே என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது. சரிதான் என்று அவர் சொன்னார். பொறுப்பாளர் போனபின் என் பக்கம் திரும்பினார்.

"நானே சொல்றேன். நீ சொல்லாத."

எப்போது என்று கேட்டேன். பெருசு அடுத்த தடவை பந்தை வாங்குவதற்கு முன்னால் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அந்த நேரம் கடவுள் புண்ணியத்தில் வராமலே போய்விடும் என்று ஒரு நம்பிக்கை அவருக்கு. அதற்கேற்ற மாதிரி, இடைவேளைக்குப் பிறகு கேப்டன் பெருசுக்கு ஓய்வு கொடுத்தார். சுழல் பந்துவீச்சாளர்களே ஒவ்வொன்றாக மூன்று விக்கெட்டைச் சாய்த்தார்கள். மாமா ஒவ்வொரு விக்கெட்டுக்கும் கையெடுத்துக் கும்பிட்டார். இன்னும் ஒன்று விழுந்தால் தீர்ந்தது.

அந்த ஒன்று விழவில்லை. எதிரணியின் கடைசி இருவர் மட்டையைத் தரையில் நட்டுவைத்த மாதிரி நின்றார்கள். நேரம் போனது. வெளிச்சம் மங்கியது. ஒரு விக்கெட் விழுந்தால் வெற்றி, இப்படியே நின்றுவிட்டால் போட்டி சமன். கேலரி தகரத்தைத் தட்டத் தொடங்கியது. பெருசைக் கொடு, பெருசைக் கொடு என்று மைதானமே கேட்டது. கடைசி ஓவர்களில் ஒன்றுக்குக் கேப்டன் பந்தைத் தூக்கிப் பெருசிடம் போட்டார். மாமா எல்லைக் கயிறு வரைக்கும் போனார். அதற்கு மேல் கால் வரவில்லை. பெருசு அங்கிருந்தே மாமாவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ஆசி கேட்கிற மாதிரி இருந்தது.

முதல் பந்துகள் எப்படிப் போயின என்று எனக்கு ஞாபகமில்லை. அந்தப் பந்து மட்டும் ஞாபகமிருக்கிறது. பெருசு ஓடி வந்தார். மூன்று எழுத்தையும் மைதானம் இழுத்தது. இடது கால் கோட்டுக்கு உள்ளேதான் இறங்கியது, அதில் சந்தேகமில்லை. இறங்கிய கால் நிற்கவில்லை. பொருக்கு உடைந்து, பாதம் உள்ளே போய், முழங்கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகத் திரும்பியது. பந்து விரலிலிருந்து நழுவித் தொய்வாகப் போனது. மட்டையாளர் வேகப்பந்துக்கு என்று முன்கூட்டியே மட்டையை வீசி முடித்துவிட்டார். பந்து சாவகாசமாகப் போய் ஸ்டம்பைச் சாய்த்தது.

மைதானம் வெடித்தது. பெருசு குப்புற விழுந்து கிடந்தார். மண்ணை முத்தமிடுகிறார் என்று நினைத்தார்கள். அணிக்காரர்கள் எட்டுத் திசையிலிருந்தும் ஓடி வந்து அவர் மேல் விழுந்தார்கள். ஒருவர் மேல் ஒருவராகக் குவிந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அத்தனை ஆயிரம் பேரில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர்தான்.

மாமா ஓடினார். ஐம்பத்தைந்து வயதில், வெறுங்காலோடு, கயிற்றைத் தாண்டி, எந்திரிங்கடா, எந்திரிங்கடா என்று கத்திக்கொண்டு ஓடினார். குவியலிலிருந்து ஒருவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தார். காவலர்கள் பாய்ந்து வந்து அவரை இடுப்போடு தூக்கிக்கொண்டு போனார்கள். மகிழ்ச்சியில் கட்டுப்பாட்டை இழந்த மைதான ஊழியர் என்று அன்று எல்லா டிவியிலும் காட்டினார்கள். சம்பந்தி தன் அலுவலகத்தில் அதைப் போட்டுப் போட்டுக் காட்டினாராம்.

குவியல் கலைந்து, கால் திரும்பியிருந்த கோணத்தைப் பார்த்தபிறகுதான் சத்தம் அடங்கியது. அது அடங்குவதற்குள் ரசிகர்கள் வேலியைத் தாண்டியிருந்தார்கள். பெருசு கடைசியாகக் கால் வைத்த மண் என்று அள்ளினார்கள். கைக்குட்டையில், தொப்பியில், சட்டைப் பையில் அள்ளினார்கள். கால்மணி நேரத்தில் அங்கே ஓர் ஆள் உட்காரலாம் போன்ற பள்ளம். உள்ளே என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பொறுப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, பெருசின் முழங்கால் வயதுக்குத் தாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் கூட்டத்துக்குள் வர முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. பெருசை உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில், உடம்பு பிடித்துவிடும் மேசையில் படுக்க வைத்திருந்தார்கள். என்னை ஐஸ் கொண்டுவரச் சொன்னார்கள். நான் வாளியோடு போனபோது, காவலர்கள் விட்டுவிட்டதும் திரும்பி வந்திருந்த மாமா என் பின்னாலேயே வந்தார். மருத்துவர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். இனி நேராக நடப்பது கஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் காதில் விழுந்தது. உள்ளே பெருசு மட்டும். சுவரில் இருந்த டிவியில் அந்தப் பந்தையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இருபது வருடமாக யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்திருந்த பந்து என்று ஒருவர் சொன்னார். இப்படி ஒரு மெதுபந்தை இன்னொருவன் பிறந்து வந்து போட வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார்.

மாமா மேசையருகே போய் நின்றார். முகத்தைப் பார்த்தார்.

"நான்தான் தம்பி. நேத்து சாயங்காலம் குழிய நான்தான் ஆழமாத் தோண்டுனேன். மண்ணு கேட்டாங்க. உள்ள ஈரம்னு காலையிலேயே எனக்குத் தெரியும்."

நான் வாளியைக் கீழே வைக்கவும் பயந்து நின்றேன். பெருசு மாமாவைத் திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"இன்னும் யார்கிட்டயும் சொல்லல. வெளியில பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க. அவங்ககிட்ட சொல்லிட்டு வேலைய விட்டுட்டுப் போயிடறேன்."

பெருசு கையை நீட்டி மாமாவின் கையைப் பிடித்தார். டிவியில் பந்து மறுபடி நழுவி, மறுபடி ஸ்டம்பைச் சாய்த்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சொல்லாதீங்க. சொன்னா அது நான் போட்ட பந்து இல்லைன்னு ஆயிடும். காலு போயிடுச்சுண்ணே. பந்தாவது என்னுதா இருக்கட்டும்."

மாமா தலையை ஆட்டினார். பெருசு கேட்டு அவர் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. என் கையிலிருந்து வாளியை வாங்கி, ஐஸை ஒரு துணியில் கட்டி, அந்த முழங்காலின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.